உயிர்ச்சுவடு இல்லாத ஊரில் ஓர் உயிர்ச்சுவட்டுப் பெட்டி

திருகோணமலையில் உயிர்ச்சுவடுகளை, அதாவது பாறைக்குள் எஞ்சிய பண்டைய உயிர்களின் உடற்பகுதிகளையும் தடங்களையும், பற்றிப் பாடம் நடத்த முற்படும் ஆசிரியருக்கு ஊரின் நிலவியலே எதிராக நிற்கிறது. கோணேசர் ஆலயம் அமைந்துள்ள மலைமுனையிலிருந்து துறைமுகத்தைச் சுற்றியுள்ள குன்றுகள் வரை எங்கு நோக்கினாலும் பாறைதான். ஆனால் அந்தப் பாறையை ஆயுள் முழுவதும் சுத்தியலால் தட்டினாலும் ஒரு சிப்பியின் தடம்கூட வெளிவராது. பாடநூலிலோ பண்டைக் கடல்களில் வாழ்ந்து அழிந்துபோன முக்கூற்றுடலிகளும் அமோனைட்டுகளும் படங்களாக வந்துபோகின்றன. படத்தைப் பார்த்து வரைந்து, பெயரை எழுதி, பரீட்சைக்குப் பாடமாக்கிய பிள்ளையிடம் "இது எப்படிக் கல்லானது?" என்று கேட்டால், "காலம் செல்லச் செல்ல இறுகிவிட்டது, சேர்" என்ற விடைதான் கிடைக்கிறது. இந்த விடையை மாற்றுவதற்காகவே பாடசாலை ஆய்வுகூடத்தில் ஓர் உயிர்ச்சுவட்டுப் பெட்டியைச் செய்யத் தொடங்கினோம். கையில் எடுத்துப் பார்க்கவும், தேய்க்கவும், உடைந்தால் மறுபடி வார்க்கவும் கூடிய பொருட்கள் மட்டுமே அதில் இருக்க வேண்டும் என்பதும், ஒவ்வொன்றும் மாணவர் கையாலேயே உருவாக வேண்டும் என்பதும் நாங்கள் வகுத்துக்கொண்ட நிபந்தனைகள்.

பெட்டிக்குள் முதலில் வைத்தது ஒரு கயிறு. வலைத்தொழில் செய்பவர்கள் பயன்படுத்தும் நைலோன் கயிற்றில் 46 மீற்றர் அளந்து வெட்டினோம். பூமியின் வயது ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள் ஆகையால், ஒரு மீற்றர் 10 கோடி ஆண்டுகளையும், ஒரு சென்ரிமீற்றர் 10 இலட்சம் ஆண்டுகளையும் குறிக்கும். விளையாட்டு மைதானத்தில் கயிற்றை நீட்டி, ஒரு நுனியை "இன்று" என்று வைத்து, அங்கிருந்து பின்னோக்கி நிறத்துணிகளைக் கட்டினோம். டைனோசர்கள் அழிந்த இடம் 66 சென்ரிமீற்றரில் வருகிறது. அவை தோன்றிய இடம் ஏறத்தாழ 2.3 மீற்றரில் வருகிறது. ஓடும் கூடும் கொண்ட கடலுயிர்கள் பெருகத் தொடங்கிய கேம்பிரியன் காலத்தின் தொடக்கம் 5.39 மீற்றரில் நிற்கிறது. நம்முடைய இனமாகிய மனிதனுக்குக் கிடைப்பது கடைசி 3 மில்லிமீற்றர் மட்டுமே. அந்த இடத்தில் துணி கட்ட முடியாது, கயிற்றின் நுனியில் மையால் ஒரு கீறல் போட்டோம்.

அடுத்து, திருகோணமலைப் பாறைக்குரிய துணியை எங்கே கட்டுவது என்ற கேள்வி எழுந்தது. இலங்கையின் நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. நமது மாவட்டத்தின் குன்றுகளில் தென்படும் குவாட்சைட் ஒருகாலத்தில் மணலாக இருந்து, பின்னர் நிலத்துக்கு அடியில் பல கிலோமீற்றர் ஆழத்தில், 800 பாகை செல்சியசை எட்டிய வெப்பத்தில் வெந்து உருமாறியது. அந்த உருமாற்றம் நிகழ்ந்தது ஏறத்தாழ 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் என்பதால், துணி 5.5 மீற்றருக்கும் 6.1 மீற்றருக்கும் இடையில் விழுகிறது. கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்த தரம் 10 மாணவி ஒருத்தி, "அப்படியானால் ஓடுள்ள உயிர்கள் பெருகுவதற்கு முதலே எங்கள் பாறை வெந்துவிட்டது, சேர்" என்றாள். பெட்டி முழுவதும் சொல்ல வேண்டிய பாடத்தை அவள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். மணல் படிந்த காலத்தில் அதற்குள் புதைவதற்கு எலும்போ ஓடோ உலகில் இருக்கவில்லை. நுண்ணுயிர்களின் தடம் ஏதேனும் இருந்திருந்தாலும் அந்த வெப்பமும் அமுக்கமும் அதை விட்டுவைத்திருக்காது. ஓர் இடத்தில் உயிர்ச்சுவடு ஏன் இல்லை என்பதைக் காரணத்தோடு சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, இன்னோர் இடத்தில் அது ஏன் இருக்கிறது என்பதைச் சொல்வது எளிது. எனவே இந்தக் கயிற்றை விரிக்காமல் பெட்டியிலுள்ள வேறு எதையும் வெளியே எடுப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

பாறையின் வயதை எப்படி அறிந்தார்கள் என்று கேட்கும் மாணவர்களுக்கு மாவட்டத்தின் வடக்கு எல்லையிலேயே விடை இருக்கிறது. புல்மோட்டையின் கரிய மணலில் இல்மனைற்றோடும் ரூட்டைலோடும் சேர்ந்து சேர்க்கோன் என்ற கனிமமும் கிடைக்கிறது. சேர்க்கோன் பளிங்கு உருவாகும்போது சிறிதளவு யுரேனியத்தைத் தனக்குள் வைத்துக்கொள்கிறது. அந்த யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறுகிறது. யுரேனியம்-238 பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் செல்லும். எஞ்சிய யுரேனியத்தையும் சேர்ந்த ஈயத்தையும் அளந்தால் பளிங்கின் வயது கிடைக்கும். வகுப்பறையில் செய்துகாட்டக்கூடிய காரியம் அல்ல என்பதால், இதை ஓர் அட்டையில் எழுதி வைத்ததோடு நிறுத்திக்கொண்டோம்.

உண்மையான உயிர்ச்சுவடு ஒன்றாவது பெட்டியில் இருக்க வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக்கருத்து இருக்கவில்லை. இலங்கையில் அதற்கு எட்டும் தூரத்தில் இருப்பது யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல். மயோசீன் காலத்தில், அதாவது 2.3 கோடி ஆண்டுகளுக்கும் 53 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், ஆழமற்ற வெப்பக்கடலின் அடியில் படிந்த கல் அது. அதே காலத்துப் படிவுகள் வடமேற்குக் கரையோரமாகப் புத்தளம் வரை நீள்கின்றன. சக ஆசிரியர் ஒருவருடைய உறவினர் வீட்டில் கிணறு ஆழப்படுத்தியபோது வெளியே கொட்டிய கற்குவியலிலிருந்து ஒரு சாக்குத் துண்டுகள் பேருந்தில் வந்து சேர்ந்தன. கிணற்றுக்கழிவு என்பதால் எந்தப் பாதுகாக்கப்பட்ட இடத்தையும் தொடாமல் கல் கிடைத்தது. எந்தக் கிணறு, எவ்வளவு ஆழம் என்ற விபரத்தையும் அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டோம். இடம் தெரியாத உயிர்ச்சுவடு பாதி மதிப்பை இழந்துவிடுகிறது என்பதை மாணவர்களுக்குப் பழக்க இதைவிடச் சிறந்த சந்தர்ப்பம் கிடையாது.

பல்துலக்கும் பிரஷ்ஷும் தண்ணீரும் கொண்டு கற்களைக் கழுவியபோது, அவற்றுள் ஒன்று எல்லோருடைய கவனத்தையும் ஈர்த்தது. உள்ளங்கை அளவுள்ள மஞ்சள் கலந்த வெண்கல். அதன் ஒரு முகத்தில் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். துவாரத்தின் உட்சுவரில் புரியாணியின் புரியைப் போன்ற சுழல் வரிகள். உள்ளே எதுவும் இருக்கவில்லை. அங்கே புதைந்திருந்த கடல்நத்தையின் ஓடு, நிலத்தடி நீரில் கரைந்து என்றோ போய்விட்டது. அதைச் சூழ்ந்து இறுகிய சேறு மட்டும் நத்தையின் வெளிவடிவத்தைக் காத்து நின்றது. பிளாஸ்டிசீன் களியை விரலால் உருட்டி, சவர்க்கார நீரில் தோய்த்து, துவாரத்துக்குள் மெல்ல அழுத்தி, பின்னர் புரி கழற்றுவது போலத் திருப்பி வெளியே எடுத்தபோது, மூன்று சுற்றுக்கொண்ட ஊரி ஒன்று, ஓட்டின் மேலிருந்த நுண்ணிய முகடுகளோடு வெளியே வந்தது. அச்சு என்றால் என்ன, வார்ப்பு என்றால் என்ன என்று கரும்பலகையில் அரை மணி நேரம் விளக்க வேண்டியதை அந்த ஒரு திருப்பு விளக்கிவிட்டது. வகுப்பில் எல்லோரும் ஆளுக்கு ஒன்று எடுக்க விரும்பினார்கள். ஆனால் கல்லின் விளிம்பு உதிரத் தொடங்கும் என்பதால், மூல அச்சிலிருந்து நல்ல வார்ப்பு ஒன்றை எடுத்து, அதன் பிரதிகளையே பின்னர் எல்லோருக்கும் கொடுத்தோம்.

வினாகிரிச் சோதனையும் இதே கற்களில்தான் நடந்தது. சுண்ணாம்புக்கல்லில் ஒரு துளி விட்டால் நுரைக்கிறது, கடற்கரைச் சிப்பியிலும் நுரைக்கிறது, உள்ளூர்க் குவாட்சைட்டில் ஒன்றும் நிகழவில்லை. ஓட்டிலும் சுண்ணாம்புக்கல்லிலும் இருப்பது கல்சியம் காபனேற்று என்பதை மாணவரே கண்டுகொள்கிறார்கள். கல்லை வினாகிரியில் ஊறவைத்து உயிர்ச்சுவட்டை வெளியே எடுக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. சுவடும் கல்லும் ஒரே பொருளால் ஆனவையாக இருக்கும்போது அமிலம் இரண்டையும் சேர்த்தே கரைத்துவிடும்.

பெட்டியின் பெரும்பகுதி பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் வார்ப்புகளால் ஆனது. களிமண்ணைக் குயவரிடம் வாங்கினோம்; வயல் மண்ணைப் பிசைந்து பார்த்ததில் அதிலிருந்த மணற்பருக்கை வார்ப்பின் மேல் புள்ளி புள்ளியாக விழுந்தது. பிசைந்த களியை இரண்டு விரற்கடைத் தடிப்புக்குத் தட்டி, அதன்மீது மட்டி, சங்கு, கடல் அல்லியின் தண்டு என்று எதைப் பதிக்க விரும்புகிறோமோ அதற்குத் தேங்காய் எண்ணெய் மெல்லப் பூசி நேராக அழுத்தி நேராகவே எடுக்க வேண்டும். ஆட்டி எடுத்தால் விளிம்பு இரட்டையாகத் தெரியும். ஓரத்தில் கள்ளிப்பெட்டி அட்டையால் வேலி கட்டி, இணைப்புகளைக் களியால் அடைத்துவிட்டால் அச்சு தயார். ஓடுகளை உப்புவெளிப் பக்கம் அலை ஒதுக்கியவற்றிலிருந்து பொறுக்கினோம். முருகைக்கல் எதையும் தொடக்கூடாது என்றும், 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட புறாத்தீவிலிருந்து ஒரு சிப்பிகூட வரக்கூடாது என்றும் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம்.

கலவைக்கு அளவு சுண்டு. அரிசி அளக்கும் சுண்டால் இரண்டு பங்கு பொடிக்கு ஒரு பங்கு தண்ணீர் என்ற கணக்கு எல்லா வார்ப்புக்கும் பொருந்தியது. தண்ணீரை முதலில் பாத்திரத்தில் ஊற்றி, பொடியை அதன்மேல் பரவலாகத் தூவி, அது தானாக நனைந்து அமிழும் வரை ஒரு நிமிடம் பொறுத்திருந்து, அதன் பிறகே கிளற வேண்டும். பொடிமேல் தண்ணீரை ஊற்றினால் கட்டி விழும், வேகமாகக் கிளறினால் காற்றுக்குமிழ்கள் சேரும். ஊற்றிய பின் மேசையை அடியிலிருந்து விரலால் தட்டிக்கொண்டே இருந்தால் குமிழ்கள் மேலே வந்து உடைகின்றன. அரை மணி நேரத்தில் களியிலிருந்து பிரிக்கலாம். ஆனால் உள்ளீரம் காய்வதற்குப் பருவம் பார்க்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இரண்டு மூன்று நாட்களில் ஓட்டைப்போல் ஒலிக்கும் வார்ப்பு, மாரியில் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடந்து பூஞ்சணம் பிடிக்கிறது. திறந்த பொடிப்பையை மாரிக்காலத்தில் சும்மா வைத்தால், பொடி காற்றின் ஈரத்தையே குடித்து வலுவிழந்துவிடும். இறுக மூடும் வாளியில் போட்டு வைப்பதும், பயன்படுத்துவதற்கு முன் ஒரு கரண்டியளவு குழைத்து இறுகுகிறதா என்று பார்ப்பதும் பொருளையும் நேரத்தையும் காப்பாற்றும். மிச்சக் கலவையை ஒருபோதும் கைகழுவும் தொட்டியில் ஊற்றக்கூடாது. குழாய்க்குள் அது கல்லாகிவிடும்.

பிளாஸ்டர் இறுகும் முறையே ஒரு தனிப் பாடம். ஜிப்சத்தை ஏறத்தாழ 150 பாகையில் சூடாக்கி அதிலிருந்த நீரின் முக்கால் பங்கை வெளியேற்றிய பொடிதான் இது. தண்ணீர் பட்டதும் இழந்த நீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஊசிப் பளிங்குகளாக வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது, அப்போது வெப்பத்தை வெளிவிடுகிறது, சற்றே விரியவும் செய்கிறது. அந்தச் சிறு விரிவினால்தான் சிப்பியின் மயிரிழை வரிகள்கூட வார்ப்பில் விழுகின்றன. வெப்பத்தைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை அவசியம். தடித்த கட்டி ஒன்று இறுகும்போது அதன் நடுப்பகுதி தோலைச் சுடும் அளவுக்குச் சூடேறும்; எனவே கையை அல்லது காலைப் பிளாஸ்டருக்குள் வைத்து வார்ப்பு எடுக்கும் விளையாட்டை எங்கள் ஆய்வுகூடத்தில் முழுமையாகத் தடை செய்திருக்கிறோம். காலடித்தடம் வேண்டுமானால், ஈரக் களியில் நடந்துவிட்டு, காலை எடுத்த பின் ஊற்றலாம். உயிர்ச்சுவடான தடங்களும் அப்படித்தான் உருவாகியிருக்கின்றன.

சுறாப்பல் பெட்டிக்குள் வந்ததற்கு மீன்சந்தைதான் காரணம். பால்சுறாவின் தாடை ஒன்று கிடைக்குமா என்று மீன் வெட்டுபவரிடம் கேட்டபோது, "பல்லுக்கு விலை இல்லை மாஸ்டர், பூனைக்குப் போறதை நீங்கள் கொண்டுபோங்கோ" என்று இரண்டு தாடைகளைத் தாளில் சுற்றித் தந்தார். வெந்நீரில் போட்டுச் சதையை நீக்கியபோது, முன்வரிசைப் பற்களுக்குப் பின்னால் அடுத்தடுத்த வரிசைகள் படுத்துக்கிடப்பது தெரிந்தது. சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கிறது. அதன் எலும்புக்கூடோ கசியிழையத்தால் ஆனது, எளிதில் அழுகிவிடும். ஆகவே கற்களுக்குள் சுறாவின் பற்களே பெரிதும் கிடைக்கின்றன. 1666 இல் புளோரன்ஸ் நகருக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு பெருஞ்சுறாவின் தலையை அறுத்துப் பார்த்த டென்மார்க் நாட்டவரான நிக்கோலஸ் ஸ்டெனோ, அக்காலத்தவர் கல்நாக்கு என்று அழைத்து மந்திர சக்தி உடையதாக நம்பிய முக்கோணக் கற்கள் சுறாப்பற்களே என்று கண்டார். நம் மாணவர் சந்தைத் தாடையை அறுத்ததற்கும் அவர் செய்ததற்கும் முறையில் பெரிய வேறுபாடு எதுவும் கிடையாது.

பல்லின் கூரிய ஓரத்தைக் களி அச்சு ஏற்காததால், அதற்கு மட்டும் இறப்பர்பால் அச்சு செய்தோம். அமோனியா கலந்த இறப்பர்பாலை மெல்லிய தூரிகையால் முதற்பூச்சாகப் பூசி, பால்வெண்மை மாறித் தேன்நிறம் வரும் வரை காயவிட்டு, அதற்குமேல் பூச்சுகளை ஏற்றி, நடுவில் மருந்துக்கடைக் காஸ் துணியைப் பதித்தால், கையுறையைப் போல உரித்தெடுக்கக்கூடிய அச்சு கிடைக்கிறது. யன்னல்களைத் திறந்து வைத்தே இதைச் செய்ய வேண்டும். இறப்பர் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளை விலக்கி வைக்க வேண்டும். இந்த அச்சுக்குத் தேங்காய் எண்ணெய் ஆகாது, எண்ணெய் இறப்பரை ஊதச்செய்து கெடுத்துவிடும். சவர்க்கார நீரே போதுமானது. வெயிலில் வைத்தால் சில மாதங்களில் ஒட்டும் பசையாகிவிடும் என்பதால், பூசுமா தூவி இருட்டான லாச்சியில் வைத்திருக்கிறோம்.

அமோனைட்டுக்கு மூலப்பொருள் நம்மிடம் இல்லை. அதற்குப் பதிலாக நிலாவெளி, உப்புவெளிக் கரைகளில் அடிக்கடி ஒதுங்கும் வெண்மையான சிறு சுருள் ஒன்றைப் பயன்படுத்தினோம். ஸ்பைருலா என்ற ஆழ்கடற் கணவாய் இனத்தின் உள்ளோடு அது. சிறுபிள்ளைகள் மாலை கோக்க எடுப்பார்கள். அதைப் பக்கவாட்டில் மெல்லிய தேய்தாளில் வைத்து, அழுத்தாமல், சுற்றிச் சுற்றித் தேய்த்தால், பாதி தேய்ந்ததும் உள்ளேயுள்ள அறைகள் வரிசையாகத் திறந்துகொள்கின்றன. ஒவ்வோர் அறைச்சுவரின் உள்விளிம்பிலும் ஒரு சிறு குழாய் ஓடுவது கைவில்லையில் தெரிகிறது. அமோனைட்டும் இப்படி அறை அறையாகக் கட்டி, அவற்றில் வாயுவை நிரப்பி மிதந்த உயிரே; வெளித்தோற்றத்தில் நத்தையை ஒத்திருந்தாலும் உறவில் கணவாய்க்கு நெருங்கியது. மாணவர் ஒருவருடைய வீட்டில் பூசையில் இருக்கும் சாளக்கிராமத்தின் பேச்சு இங்கேதான் வந்தது. கண்டகி ஆற்றில் எடுக்கப்படும் சாளக்கிராமங்களில் பெரும்பாலானவை யுராசிக் காலத்து அமோனைட்டுகள். இமயம் எழுவதற்கு முன் அங்கிருந்த கடலில் வாழ்ந்தவை. பூசைப்பொருளை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை. வீட்டார் சம்மதத்தோடு எடுத்த ஒரு படம் போதுமாக இருந்தது. சக்கரம் எனப்படுவதில் அறைச்சுவர்களை மாணவர்களே எண்ணிக் காட்டினார்கள்.

உயிர்ச்சுவடு உருவாவது எவ்வளவு அரிது என்பதைச் சொல்ல வார்ப்புகள் உதவுவதில்லை; வார்ப்பு எப்போதும் வெற்றியையே காட்டுகிறது. அதற்காக அழுகல் பெட்டிகளைத் தயாரித்தோம். ஒரு பெட்டியில் உலர்ந்த கடற்கரை மணல், ஒன்றில் களப்பிலிருந்து எடுத்த கருஞ்சேறு, மூன்றாவதில் ஒன்றும் இல்லை, காகத்துக்கும் பூனைக்கும் தடையாகக் கம்பிவலை மட்டும். ஒவ்வொன்றிலும் ஒரு சூடை மீன், ஓர் இறால், ஒரு சிறு நண்டு, ஒரு மட்டி, ஒரு கண்ணா இலை. பெட்டிகளை ஆய்வுகூடத்துக்குப் பின்னால், மதிற்கரையோரம் வைத்தோம். அதிபரின் அலுவலகத்துக்குக் காற்று வீசாத திசை என்பதையும் பார்த்தே வைத்தோம். தவணை முடிவில் திறந்தபோது, திறந்த பெட்டியில் எஞ்சியது மட்டியும் நண்டின் ஒரு கொடுக்கும்தான்; மற்ற அனைத்தையும் எறும்பு முடித்திருந்தது. மணலில் மீன்முள் இருந்தது, ஆனால் கலைந்திருந்தது. சேற்றில்தான் அழுகிய முட்டையின் நாற்றத்துக்கிடையே மீனின் முதுகெலும்பு தலை முதல் வால் வரை அடுக்குக் குலையாமலும், இலையின் நரம்புகள் ஓவியம்போலவும் கிடந்தன. ஒட்சிசன் புகாத சேற்றில் அழுகல் மெதுவாக நடக்கிறது, தோண்டித் தின்னும் பிராணிகளும் நுழைவதில்லை. இந்தச் சோதனை உயிர்ச்சுவட்டை உருவாக்கவில்லை என்பதையும், கல்லாவதற்கு முந்திய முதற்படியை மட்டுமே காட்டுகிறது என்பதையும் அட்டையில் தெளிவாக எழுதியிருக்கிறோம்.

இதன் தொடர்ச்சியாக, இன்று நம் மாவட்டத்தில் எங்கே உயிர்ச்சுவடு உருவாகக்கூடும் என்ற வினாவுக்கு மாணவர்கள் வரைபடத்தில் கை வைத்த இடம் கொட்டியாரக் குடா. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி தன் வண்டலை அங்கேதான் கொட்டுகிறது. குடாவிலிருந்து கடலுக்கடியிலான ஆழ்பள்ளத்தாக்கு வெளியே நீள்கிறது. குன்றின் பாறையில் சுவடு இல்லாத ஊருக்கு, கண்முன்னே விரியும் குடாவின் சேற்றில் அதற்குரிய நிலைமை இருக்கிறது.

அகழ்வுத் தட்டைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. கண்காட்சிகளில் மணலுக்குள் பிளாஸ்டிக் எலும்புகளைப் புதைத்து, பிள்ளைகளைத் தோண்டவிட்டு, கிடைத்ததைத் தூக்கிக் காட்டச் சொல்லும் வழக்கம் பரவியிருக்கிறது. அது புதையல் விளையாட்டு. அதில் தோண்டிய இடம் எது, எந்தப் படையில் இருந்தது, பக்கத்தில் என்ன கிடந்தது என்ற எதற்கும் மதிப்பில்லை. ஆகவே ரெஜிபோம் மீன்பெட்டி ஒன்றில் நிறம் வேறுபட்ட மூன்று படைகளை அடுக்கினோம். அடியில் செம்மண், நடுவில் சாம்பல்நிறச் சேறு, மேலே வெண்மணல். ஒவ்வொன்றிலும் எட்டுப் பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு பிளாஸ்டர் கலந்து, தண்ணீர் தெளித்து இறுகவிட்டோம். ஐந்துக்கு ஒன்று என்றால் மரக்குச்சியால் கீற முடியாது, பத்துக்கு ஒன்று என்றால் விரலிலேயே உதிர்ந்துவிடும். மேலே பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு நூல் கட்டிச் சதுரங்களாகப் பிரித்து, வரைபுத்தாளிலும் அதே சதுரங்களை வரைந்து, ஒரு பொருளின் முனை தெரிந்தவுடன் அதை எடுக்காமல் முதலில் வரைய வேண்டும் என்று விதித்தோம். நடுப்படையில் மட்டிகளும் மேற்படையில் நன்னீர் நத்தைகளும் வைக்கப்பட்டிருந்தன. கீழுள்ள படை பழையது என்ற விதியை 1669 இல் எழுதிவைத்தவரும் மேலே குறிப்பிட்ட ஸ்டெனோதான். அதைப் பயன்படுத்திக் கடல் பின்வாங்கி ஏரி உண்டானது என்ற வரலாற்றை மாணவர்கள் வரைபுத்தாளிலிருந்தே வாசித்தார்கள். தோண்டும் நேரத்தைவிட வரையும் நேரம் அதிகம் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. உண்மையான அகழ்விலும் அப்படித்தான்.

பெட்டியின் மூடியில் இலங்கை வரைபடம் ஒட்டப்பட்டிருக்கிறது. புத்தளத்துக்கு அருகே தப்போவையில் யுராசிக் காலத்துச் செடிகளின் சுவடுகள், வடக்கிலும் வடமேற்கிலும் மயோசீன் சுண்ணாம்புக்கல், இரத்தினபுரியின் மாணிக்கச் சுரங்கப் பரலில் நீர்யானை, காண்டாமிருகம், யானை ஆகியவற்றின் எலும்புகளும் பற்களும். இரத்தினபுரிப் பொருட்களை ஆராய்ந்து பெயரிட்டவர் தேசிய அருங்காட்சியகங்களின் பணிப்பாளராக விளங்கிய பி. ஈ. பி. தெரணியகல. இலங்கையில் சிங்கம் வாழ்ந்ததா என்று யாராவது கேட்காத வகுப்பு இல்லை. குருவிட்டையில் கிடைத்த இரண்டு பற்களை வைத்து அவர் 1939 இல் சிங்கத்தின் துணையினம் ஒன்றை விவரித்தார் என்று சொல்லி, இரண்டு பற்களிலிருந்து எவ்வளவு தூரம் செல்லலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்ற விவாதத்துக்கு வகுப்பை விட்டுவிடுவேன். இந்த விவாதத்துக்கு முன் மாட்டின் கடைவாய்ப்பல்லையும் நாயின் வெட்டுப்பல்லையும் கையில் கொடுத்துவிட்டால் பேச்சு வெறும் பேச்சாகப் போகாது.

ஒவ்வொரு பொருளுக்கும் இலக்கம் இட்டிருக்கிறோம். நிறமற்ற நகப்பூச்சை ஒரு நகக்கண் அளவுக்குப் பூசி, காய்ந்ததும் அதன்மேல் கறுப்பு மையால் எண்ணை எழுதி, மீண்டும் ஒரு பூச்சால் மூடினால் எழுத்து அழியாது. வேண்டுமானால் பின்னர் பொருளுக்குச் சேதமின்றி நீக்கவும் முடியும். பிரதிகள் சாயத் தேத்தண்ணீரில் தோய்ந்து கல்லைப் போலவே நிறம் பெற்றுவிட்டதால், அவற்றின் அடியில் சிவப்புப் புள்ளி கட்டாயம். உண்மைப் பொருள் எது, பிரதி எது என்பது பார்வையாளருக்குத் தெரியாமல் இருப்பது ஓர் அருங்காட்சியகத்துக்கு அழகல்ல, ஒரு வகுப்பறைக்கு இன்னும் அழகல்ல. ஐயம் எழுந்தால் வினாகிரித் துளி தீர்த்துவைக்கும். தூய பிளாஸ்டர் நுரைக்காது. சில மலிவான பொடிகளில் சுண்ணாம்புத்தூள் கலந்திருப்பதால், அந்தச் சோதனைக்கு முன் பொடியையே ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது.

இப்போது பெட்டி மூதூர்ப் பக்கப் பாடசாலை ஒன்றுக்கு இரவலாகச் சென்றிருக்கிறது. கயிறு, கற்கள், தாடை, தேய்த்த ஸ்பைருலாக்கள், இறப்பர் அச்சு, கலவை விகிதம் எழுதிய அட்டை ஆகியவை அதனோடு சென்றன. அழுகல் பெட்டிகளை மட்டும் அவர்கள் தாங்களே வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். உடைந்த வார்ப்புகளைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை, அச்சும் பொடியும் இருப்பதால் புதிதாக வார்த்து, புதிய இலக்கமிட்டு, பதிவேட்டில் எழுதிவிட்டால் போதும்.